தலையணைக்குள் சொன்னது

மெத்தைக்கடை மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவந்த காலம்வரைக்கும் ஊரில் பல்லியைத் தவிர வேறெந்தப் பிராணிக்கும் குரல் கிடையாது. இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. சேவல் விடியற்காலையில் கூரைமேல் ஏறிக் கழுத்தை நீட்டும், வாயைத் திறக்கும், சொல்ல வந்தது மறந்துபோன ஆள்போல நாலு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கிவிடும். நாய் திருடனைக் கண்டால் உள்ளே ஓடிவந்து வீட்டுக்காரரின் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கும். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வருவதற்குள் திருடன் தெருமுனையைத் தாண்டியிருப்பான். பூனை பாலுக்காகக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்; யாராவது தற்செயலாகக் கதவைத் திறந்தால்தான் அது வந்திருப்பதே தெரியும். கழுதைகளை அந்த ஊரில் ஆழ்ந்து சிந்திப்பவை என்று மதித்தார்கள். பல்லி மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு, எதற்கோ அலுத்துக்கொண்டதுபோல ‘ச்சு’ என்று ஒரு சத்தம் போடும். அதற்கு மட்டும் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எண்ணெய் விலையைப் பற்றிக் கவலைப்படவே ஊருக்கு நேரம் சரியாக இருந்தது.

மெத்தைக்கடை என்பது ஒரு நீளமான வீடு. முன்னால் கடை, நடுவில் பஞ்சு அறை, பின்னால் குடித்தனம். ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கட்டியவர் இப்போதைய மெத்தைக்காரரின் மாமனார். காற்று வந்தால் பஞ்சு பறக்கும், பஞ்சு பறந்தால் பிழைப்பு பறக்கும் என்பது அவருடைய கொள்கை. அவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகியும் கொள்கை மட்டும் சுவராக நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் பிறப்பதில்லை, மாப்பிள்ளைகள்தான் வருவார்கள். வருகிறவர்கள் திரும்பிப் போவதில்லை. பஞ்சு அறைக்குள் நுழைகிற யாரும் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாசத்தில் நெஞ்சுக்குள் ஒரு தலையணை உருவாகிவிடும் என்றார்கள். ஆகவே காலையில் கட்டிய துணியை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவிழ்த்து, கை கழுவிய கையோடு மறுபடி கட்டி, விளக்கு வைத்தபிறகுதான் அவிழ்ப்பார்கள். நடுவில் கண்ணாலும் கையாலும்தான் பேச்சு. அவிழ்த்தபிறகும் பேச்சு அதிக தூரம் போகாது. சுவரோரம் அடுக்கிய மூட்டைகள் குடித்துவிடும்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டவன் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவிக்கொண்டிருந்தவன் என்பதை விதியின் நகைச்சுவை என்றுதான் சொல்ல வேண்டும். அவன் கத்தரிக்காய் ஏலம் விட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் படகில் இருப்பவன் விலை கேட்பான். பெண் பார்க்க வந்தபோது மெத்தைக்காரர் அவனுடைய நெஞ்சுக்கூட்டைத்தான் பார்த்தார். கல்யாணமான மறுவாரம், “ஒரு நாலு மூட்டைப் பஞ்சு வந்திருக்கு, அடிச்சுக் குடுத்துட்டுப் போயிடலாம் மாப்ள” என்றார். அந்த நாலு மூட்டை இன்னும் முடியவில்லை.

மாமனார் கெட்டவர் அல்ல. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு நல்ல சண்டை போட்டு, ஒரு பாத்திரத்தை உடைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவரோ சாப்பாட்டில் பெரிய துண்டை மாப்பிள்ளை தட்டுக்குத் தள்ளுவார். காய்ச்சல் என்றால் புதுப் பஞ்சில் மெத்தை தைத்துப் போடுவார். வாய்க்கு வாய் ‘வாங்க மாப்ள, போங்க மாப்ள’தான். அதிலும் ‘போங்க’ என்பது பஞ்சு அறை வரைக்கும்தான். கயிற்றால் கட்டினால் அறுக்கலாம், மரியாதையால் கட்டினால் எதைக் கொண்டு அறுப்பது?

மனைவிக்கு வேண்டியது ஒரே ஒரு ஜன்னல். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வானம் என்பது வெளியே போனால் பார்க்கிற கடைத்தெரு மாதிரியான ஒரு விஷயம். படுத்த இடத்திலிருந்தே மழையைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அக்கரையில் படகுத்துறைக்கு எதிரே ஒரு வீடு காலியாக இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, ஆற்றைப் பார்த்த ஜன்னல். ஒருநாள் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவள் அந்த ஜன்னல் கதவைத் திறந்து திறந்து மூடினாள். வீட்டுக்காரர் கீல் போய்விடும் என்று பயந்துபோய், “உங்களுக்குத்தான்மா, வேற யாருக்கும் விடல” என்று சத்தியம் செய்துகொடுத்தார்.

“நீங்கதான் அப்பாகிட்ட சொல்லணும்,” என்றாள் மனைவி. “நான் சொன்னா, பெத்தவங்கள விட்டுட்டுப் புருஷன இழுத்துக்கிட்டுப் போறான்னு ஆயிடும். நீங்க சொன்னா, மருமகன்தானே, எத்தனை நாளைக்கு இருப்பார்னு விட்டுருவாங்க. ஒரே வரிதான். ‘மாமா, நாங்க தனியாப் போறோம்.’ ஊரையே ஏலம் போட்ட வாய்தானே?”

சொல்லத்தான் போனான். “மாமா, ஒரு விஷயம்” என்று ஆரம்பித்தான். “சொல்லுங்க மாப்ள, அதுக்கு முன்னாடி இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுத்துடுங்க, கண்ணு மங்குது” என்றார் மாமனார். கோத்துக் கொடுப்பதற்குள் தைரியம் ஊசிக்கண் வழியாக வெளியே போய்விட்டது. அடுத்த முறை தலையணை உறையை விரித்துப் பிடிக்கச் சொன்னார். அதற்கடுத்த முறை ஒன்றும் சொல்லாமல் அவனைப் பார்த்துச் சிரித்தார். அதை எதிர்த்து நிற்கத்தான் அவனால் முடியவே இல்லை. சொல்ல வந்ததை மென்று முழுங்கியே அவன் வயிறு நிறைந்துவிடும், சாப்பாட்டில் குறை வைப்பான், உடனே மாமியார் பதறிப்போய் இன்னொரு கரண்டி போடுவார்.

தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற வேலையில் மூலைகள்தான் சிரமம். மூலையில் பஞ்சு போய்ச் சேராவிட்டால் தலையணை கிழவன் கன்னம்போலத் தொங்கிவிடும். ஆகவே கையைத் தோள்வரைக்கும் உறைக்குள் விட்டு, பெரிய உறையாக இருந்தால் தலையையும் உள்ளே விட்டுத்தான் அடைக்க வேண்டும். ஒருநாள் அப்படித் தலையை விட்டிருந்தபோது உள்ளே இருட்டாகவும் இதமாகவும் இருக்கவே, மாப்பிள்ளை வாய்த்துணியைக் கீழே இறக்கினான். “மாமா!” என்றான், சந்தைக் குரலில், கொஞ்சம் கோபத்தோடு. வெளியே கேட்கவில்லை. நெஞ்சு லேசாகிவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து உறையை மூடித் தைத்துவிட்டான். தலையணை மந்திரம் என்று ஊரில் சொல்வார்கள். பெண்டாட்டி புருஷன் காதில் ஓதுவது. நம்முடைய ஆள் ஆளை மாற்றித் தலையணையின் காதிலேயே ஓதிவிட்டான். அந்த வீட்டில் வேலை பார்க்கிறவனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு இது.

அந்தத் தலையணையை ரொட்டிக்கடைக்காரர் வாங்கிப்போனார். அவருடைய நாய் அதைக் கடித்துக் கிழித்து, வாய் நிறையப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தது. விரட்டப் போனவரைப் பார்த்து வள்ளென்றது. ரொட்டிக்கடைக்காரர் தட்டைக் கீழே போட்டார். நாயும் பயந்துபோய்த் தன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தது. பஞ்சின் குணம் அப்படி: சொல்லைக் குடித்துவிடும், சொல்லுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்ற உணர்ச்சியை மட்டும் விட்டுவைக்கும். அடுத்த சில நாட்களில் அந்த நாயிடமிருந்து ஊர் நாய்கள் எல்லாம் கற்றுக்கொண்டன. திருட்டு பாதியாகக் குறைந்தது.

மாப்பிள்ளைக்கு நடந்தது புரியவில்லை, ஆனால் ருசி பிடித்துவிட்டது. தினமும் தலையை உள்ளே விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இழுத்து, நடுங்கி, பாதியில் நிறுத்திய பேச்சுகளை எல்லாம் தைத்த தலையணை ஒரு வேலியோரம் வெயிலில் காய்ந்தது. ஆடு அதைத் தின்றது. இன்றுவரை ஆடு அதே இடத்தில்தான் இழுத்துக்கொண்டு நிற்கிறது. மாமியாரிடம் கேட்கக் கூச்சப்பட்ட இரண்டாம் கரண்டிக் குழம்பு பூனைக்குப் போனது. ‘நாளைக்குக் காலையில எழுந்ததும் சொல்லியே தீருவேன்’ என்று மார்தட்டியது சேவலுக்குப் போனது. அது இன்னமும் தினம் காலையில் எழுந்ததும் மார்தட்டுகிறது, அதோடு சரி. மழைக்காலம் முழுக்க ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்த மெத்தை ஒன்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டுபோய்க் குட்டையில் ஊறியது, தவளைகள் பாடமாக்கிக்கொண்டன. கூட்டுக்குப் பஞ்சு திருடிய காகத்துக்கு வெறும் எரிச்சல்தான் கிடைத்தது. மனைவியை அக்கரைக்குக் கூட்டிப்போய் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, வேலையிலிருந்து திரும்பும்போது துறையிலிருந்தே எப்படிக் கூப்பிடுவேன் என்று ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தானே, அது குயிலுக்கு. இருப்பதிலேயே உருக்கமாக, கண்ணில் நீர் வர, தன் வாழ்க்கை முழுவதையும் எடுத்துச் சொல்லி ஒரு இரட்டை மெத்தைக்குள் தைத்தான். அதைச் சுமந்துபோன கழுதைக்கு அது போனது. உருக்கம் அடுத்தவர் காதில் எப்படி விழும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

வருஷங்கள் போயின. ஊர் இரைச்சலாகிவிட்டது. முதலில் புகார் சொன்னவர்கள் பழகிக்கொண்டார்கள். பால்காரர் சேவலை நம்பி எழுந்தார். ரொட்டிக்கடைக்காரர் நாயை நம்பித் தூங்கினார். மெத்தைக்கடைக்குள் மட்டும் எதுவும் மாறவில்லை. மூட்டைகள் வந்தன, மூட்டைகள் போயின. அக்கரை வீட்டுக்காரர் ஆளனுப்பிக் கேட்டு, மறுபடி ஆளனுப்பிக் கேட்டு, கடைசியில் ஜன்னலுக்கு ஒரு தடவை வர்ணமே பூசிவிட்டார்.

மனைவி ஒன்றும் அறியாதவள் அல்ல. ஒருநாள் வாசலில் நின்று நாய் குரைப்பதைக் கேட்டவள் உள்ளே வந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். “இது உங்க குரல்தானே?” என்றாள். அவன் வாய்த்துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். “அந்த நாய்க்கு இருக்கற தைரியம் உங்களுக்கு இல்லையே. அது எங்கப்பா முகத்துக்கு நேரா நின்னு சொல்லுது.” பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் போய்விட்டிருந்தது, அது போனதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. “எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. இந்தப் பிள்ளை கண்ணைத் தொறந்ததும் முதல்ல பாக்கறது பஞ்சா இருக்கக் கூடாதுங்க. அதுக்குள்ள சொல்லிடுங்க. இல்லேன்னா இனிமே நான் கேக்க மாட்டேன்.”

கேட்க மாட்டேன் என்றது அவனை உலுக்கிவிட்டது. விடுவிடுவென்று பஞ்சு அறைக்குப் போனான். வாய்த்துணியை அவிழ்த்துச் சுருட்டி வீசினான். மாமனார் முன்னால் நின்று வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. அந்தக்காலத்துச் சேவல்போல நாலு பக்கமும் பார்த்தான். இருந்த குரலை எல்லாம் தைத்து விற்றாகிவிட்டது. “தாகமா மாப்ள?” என்று மாமனார் செம்பை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டான்.

கொடுத்ததைத் திருப்பி வாங்கலாம் என்று தெருவில் இறங்கினான். ரொட்டிக்கடை நாயின் முன்னால் மண்டியிட்டுக் கையேந்தினான். நாய் அவன் கையை நக்கியது. வாயைப் பிளந்து பார்க்கப் போனபோது ரொட்டிக்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். “என்ன மாப்ள, நம்ம நாய்கிட்ட உங்களுக்கு என்ன வேலை?” என்றார். தெருவில் எல்லோருக்கும் அவன் மாப்ளதான். சைகையில் சொன்னான். கூட்டம் கூடியது. விஷயம் புரிந்ததும் எல்லோருக்கும் அவன்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது, ஆனால் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. “நாய ஊமையாக்கிட்டு நான் ராத்திரி எப்படித் தூங்குவேன்?” என்றார் ரொட்டிக்கடைக்காரர். “சேவல் இல்லேன்னா என் பொழப்பு கெட்டுது” என்றார் பால்காரர். “வேணும்னா கழுதையோடத எடுத்துக்கோங்க, யாரும் தடுக்கல” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் உற்சாகமாக ஆமோதித்தார்கள். மாப்பிள்ளை கழுதையைப் பார்த்தான். கழுதை ஒருமுறை சொல்லிக் காட்டியது. அந்தக் குரலில் மாமனாரிடம் போய் நிற்க அவனுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் தன்மானம் இன்னும் மிச்சமிருந்தது.

அதன்பிறகு அவன் வாய்த்துணியை ராத்திரியிலும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மாமனாருக்குப் பரம திருப்தி. “இப்பத்தான் மாப்ள தொழிலுக்குப் பழகியிருக்கார்” என்று வருகிற வாடிக்கையாளரிடம் எல்லாம் சொன்னார். மனைவியின் வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் சொன்னபடியே எதுவும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுப்பாள். மேலே பல்லி ‘ச்சு’ என்னும்.

வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுத் தலையணைகளைப் பிரித்து, பஞ்சை உதறி, வெயில் காட்டி, மறுபடி அடைப்பார்கள். மெத்தைக்காரருடைய தலையணையை மட்டும் அவர் யாரையும் தொட விட்டதில்லை. அது அவர் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தானே அடைத்துத் தானே தைத்தது. கருத்துப்போய்க் கல்லாகக் கிடந்தது. அந்த வருஷம் நிறைமாதமாக இருந்த மகள், மனதில் இருந்ததை எல்லாம் எதன்மீதாவது காட்ட வேண்டியிருந்ததால், அப்பா எச்சில் கையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதை அவர் கண்முன்னாலேயே எடுத்துவந்தாள். தையல் இரட்டைத் தையல், நூல் இரும்பாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் ஊசி போன ஓட்டை ஒன்று அகலமாகியிருந்தது. கையில் எடுத்தபோது அதிலிருந்து ஒரு பல்லிக்குஞ்சு விழுந்து ஓடியது. அவள் கத்திரியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

எதிரே புருஷன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, வாய்த்துணியைக் கழுத்துக்கு இறக்கி, முதல் கவளத்துக்காக வாயைத் திறந்திருந்தான். பிரிந்த தலையணையிலிருந்து ஒரு மூச்சு கிளம்பியது. மெத்தைக்காரர் தன் சொல்லைத் தானே தலைக்கு வைத்து இத்தனை காலம் படுத்திருந்ததாலோ என்னவோ, பஞ்சு அதைக் குடித்திருக்கவில்லை, காத்து வைத்திருந்தது. கடைசியில் ஒட்டியிருந்த ஒரு ‘ச்சு’ மட்டும் ஓட்டை வழியாக எப்போதோ பல்லிகளுக்குப் போயிருந்தது. மிச்சம் முழுசாக இருந்தது. அது திறந்திருந்த வாய்க்குள் போனது. மாப்பிள்ளைக்குப் புரையேறியது. இரண்டு முறை இருமினான், பிறகு சொன்னான்:

“மாமா, நாங்க தனியாப் போறோம்.”

அவன் குரல் அல்ல. இருபது இருபத்தோரு வயசுப் பையனின் குரல்; கொஞ்சம் உடைந்து, கொஞ்சம் உறுதியாக. மூட்டைகள் குடிக்கவில்லை. வீடு முழுக்க அது சுற்றி வந்தது.

மாமனாரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தனக்கு எதிரே, சுவரோரம், பல காலமாக யாரும் உட்காராத இடத்தைப் பார்த்தார். அவருடைய மாமனார் உட்காருகிற இடம் அது.

உள்ளே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. மாமியார் ஒரு தகரப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூடியின்மேல் விரற்கடைக்குத் தூசி. கல்யாணமான முதல் வருஷம் அடுக்கிப் பூட்டிய பெட்டி; சாவி இடுப்பில்தான் இருந்தது, மகளே அதை அலமாரிச் சாவி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“இதச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாளா?” என்றார் மாமியார், புருஷனைப் பார்த்து. “கதவுக்குப் பின்னாடி நின்னு நின்னு என் காலே தேஞ்சுபோச்சு.”

“அம்மா, சொன்னது அவரும்மா, என் வீட்டுக்காரர்” என்றாள் மகள்.

“இல்லம்மா,” என்றார் மெத்தைக்காரர். “நான்தான்.” தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். வாய்த்துணியைக் கழுத்திலிருந்து உருவி, மடித்து, அந்தக் காலியிடத்தில் வைத்தார். மாப்பிள்ளையின் தோளில் கைவைத்து ஏதோ சொல்லப் பார்த்தார். சொல்ல இருந்ததை மாப்பிள்ளையே சொல்லிவிட்டிருந்தான். பெட்டிக்கு ஒரு கைப்பிடி அவர், ஒரு கைப்பிடி மாமியார். போகிற போக்கில் வாசலில் திரும்பி, “நாலு மூட்டை பாக்கியிருக்கு மாப்ள, அவசரமில்ல” என்றார்.

படகில் ஏறி அக்கரைக்குப் போனார்கள். ஜன்னல் வைத்த அந்த இரண்டு அறை வீட்டுக்குத்தான். சத்தியம் செய்திருந்த வீட்டுக்காரர், மெத்தைக்கடையிலிருந்து ஒரு ஜோடி வரும் என்றுதானே பேச்சு, வந்துவிட்டது என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மழை பெய்தபோது மாமியார் படுத்துக்கொண்டே பார்த்ததாகச் செய்தி வந்தது.

இக்கரையில் புருஷனும் பெண்டாட்டியும் மூட்டைகளுக்கு நடுவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தனிக்குடித்தனம் என்னவோ வந்துவிட்டது. அவர்கள் போய் அடைய வேண்டியது, பெரியவர்கள் கிளம்பிப் போனதால் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. வீடு அதே வீடு. ஜன்னல் இல்லை. மனைவிக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு இடுப்பில் கைவைத்து எழுந்து நின்று பஞ்சு அறைச் சுவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

“கடப்பாரை எங்க இருக்கு?” என்றாள்.

“பஞ்சு பறக்குமே” என்றான் அவன், தன் புதுக் குரலில்.

“பறக்கட்டும்.”

சுவர் உடைந்த இடத்தின் வழியாகக் காற்று அந்த வீட்டுக்குள் முதன்முறையாக வந்தது, வந்ததும் பஞ்சு அத்தனையையும் அள்ளிக்கொண்டு வெளியே போனது. தெரு வெள்ளையாகிவிட்டது. மறுநாள் பிறந்த பிள்ளை கண்ணைத் திறந்ததும் வானத்தைப் பார்த்து வீரிட்டது. மருத்துவச்சி இந்தக் குரலை எந்தப் பிராணியிடமும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, தொப்புள்கொடியைக் கட்டுகிற வேலையைப் பார்த்தாள். மாப்பிள்ளை அதே கடையில்தான் இருக்கிறான். தலையணைகளின் மூலைகளை இப்போதும் தலையை விட்டுத்தான் அடைக்கிறான், ஆனால் உள்ளே போய் மூச்சு மட்டும்தான் விடுகிறான். சொல்ல வேண்டியதை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளிடம் சொல்லிவிடுகிறான். சில சமயம் அதற்காகத் திட்டும் வாங்குகிறான்.

அன்றைக்குத் தெருவில் பறந்த பஞ்சில் எந்தப் பேச்சும் தைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. வெறும் பஞ்சு. அதில் கொஞ்சம் பட்டாம்பூச்சிகளின்மேல் படிந்தது, கொஞ்சம் நத்தைகள் ஊர்ந்த ஈரத்தில் ஒட்டியது, மிச்சம் ஆற்றில் விழ மீன்கள் வாயைத் திறந்து திறந்து விழுங்கின. இவை மூன்றும் இன்றுவரை பேசாமல் இருப்பது அதனால்தான்.